நாலு தசம் ரெண்டு

கல்லடிப் பாலத்தில் பஸ் ஏறும்போது
கண்டக்டர் கேட்டார்: "கீபோட்டா தங்கச்சி?"
ஓம் என்றேன்.
முழங்கால்களுக்கிடையில் நிமிர்த்தி வைத்த நீளப் பைக்குள்
கன்வஸ் ஜக்கெற்றும் மடிக்கிற தாங்கியும் மட்டும்.
துவக்கு மண்டபத்து இரும்பு அலுமாரியில்
என் கையெழுத்துக்குக் காத்திருந்தது.
ஆனாலும் வியர்த்தேன்.
துவக்கு என்றால் ஆரம்பி என்றும் பொருள்.
அந்தப் பொருளை அகராதியில்தான்
முதலில் சந்தித்தேன்.

ஒரே துவக்கு, ரெண்டு பேருக்கு.
காலையில் ஏறாவூர் றிஸ்மியாவுக்கு,
மூன்று மணிக்குப் பிறகு எனக்கு.
நேரில் பார்த்துக்கொள்வது குறைவு.
சுட்ட அட்டைகளின் முதுகில் எழுதிக்கொள்வோம்.

குழல் நுனியில் கட்டைவிரல் பருமனில் ஓர் உருளை.
முன்முகத் திருகைக் கழற்றினால்
உள்ளே ஒரு தகடு, தகட்டின் நடுவே ஓட்டை,
ஓட்டையின் அளவு விளிம்பில் பொடி எழுத்தில்.
எப்போது கழற்றினாலும் மூன்று தசம் நாலு.
அது அவளுடையது.
எடுத்து டப்பியில் போட்டுவிட்டு
என்னுடையதை வைப்பேன்.
"உன்ட வளையத்துக்குள்ளால லொறி போகும் கா"
என்று ஒரு அட்டையில் எழுதியிருந்தாள்.
"உன்டதுக்குள்ளால மூச்சும் போகாது"
என்று நான்.

நானும் இறுக்கத்தில்தான் தொடங்கினேன்.
வெள்ளை மெலிந்தால் பிழைக்கும் இடம் மெலியும்
என்பது என் கணக்கு.
கறுப்பு வட்டம் வளையத்தின் உள்விளிம்பில்
உரசும், விலகும், உரசும்.
இப்ப, இப்ப என்று விரல் பதறும்.
எட்டு. ஒன்பது. ஏழு.
ஒருமுறை அட்டைக்கு வெளியே, பலகையில்.

பிறகு தசம் ரெண்டு தசம் ரெண்டாய் அகட்டினேன்.
நாலு தசம் ஆறில்
குளத்தில் விழுந்த தேங்காய்போலக் கறுப்பு மிதந்தது.
திரும்பி வந்தேன்.
நாலு தசம் ரெண்டில் நின்றது.
நடுக்கம் குறையவில்லை.
முட்டுகிற சுவர் தள்ளிப்போயிருந்தது,
அவ்வளவுதான்.

இன்று திருகைக் கழற்றியபோது
உள்ளே இருந்தது என்னுடையது.

டப்பியைத் திறந்து பார்த்தேன்.
மூன்று தசம் நாலு அதன் குழிக்குள் கிடந்தது.
காலைப் பதிவில் அவள் கையெழுத்து,
ஏழு ஐம்பதுக்கு வந்து ஒன்பது பத்துக்குப் போயிருக்கிறாள்.
அட்டை எதுவும் விட்டுவைக்கவில்லை.
எனக்காக மாற்றி வைத்தாளோ?

சுவரில் நூல் தொங்குகிறது,
நுனியில் தூண்டில் ஈயம்.
வளையத்தின் பக்கக் கம்பிகளை அந்த நூலுக்குக் குறுக்காகப் பிடித்து,
துவக்குச் சரியவில்லை என்று பார்த்துவிட்டுத்
திருகை இறுக்கினேன்.
ரெண்டு மின்விசிறியில் ஒன்று சுற்றியது.
ஜக்கெற்றுக்குள் வியர்வை இடுப்புவரை இறங்கியது.
பின்குறியின் துளை, அதற்குள் உருளை,
அதற்குள் வளையம், அதற்குள் கறுப்பு.
கறுப்பைப் பார்க்கக் கூடாது.
அதைச் சுற்றியுள்ள வெள்ளை
நாலு பக்கமும் ஒரே அகலமா என்று மட்டும்.

டப்.

இடப்பக்கம், கீழே. எட்டு.
இன்னொன்று. அதே இடம், அதே எட்டு.

பின்குறி அவள் கண்ணுக்கு வைத்தபடியே இருந்தது.
என் வளையத்தைப் போட்டு
அவளே சுட்டிருக்கிறாள்.
எத்தனை குண்டு, எங்கே விழுந்தது,
பிடித்ததா, சிரித்தாளா, தெரியாது.
அட்டையைக் கைப்பைக்குள் கொண்டுபோயிருப்பாள்.

வலப்பக்கம் ஏழு கிளிக். மேலே பதினொன்று.
நாற்பது குண்டு சுட்டேன்.
நல்ல நாள் என்று சொல்ல முடியாது.
முப்பத்திரண்டாவது மட்டும்
நடுப்புள்ளியைத் தின்றிருந்தது.

ஆறு மணிக்கு வாவிப் பக்கத்துச் சாளரம் மங்கியது.
எண்ணெய்த் துணியால் குழலைத் துடைத்தேன்.
டப்பியைத் திறந்து மூடினேன்.
வளையத்தைக் கழற்றவில்லை.
பின்குறியை மட்டும் திருப்பி வைத்தேன்,
இடப்பக்கம் ஏழு, கீழே பதினொன்று,
வாய்விட்டு எண்ணியபடி.

பதிவில் நேரம் எழுதும்போது
மேலே அவள் பேனா கசிந்திருந்த இடத்தில்
என் விரல் பட்டு
ஒன்பது பத்து கொஞ்சம் கலைந்தது.